பெர்னிஸ் இழுக்குமா?

மார்லிஸுக்குக் கல்யாணம். அறுபத்தொரு வயதில், இரண்டாம் தடவை. ஊரில் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மார்லிஸ் மட்டும் வாய்விட்டுச் சிரித்தாள். பல் தேய்க்கும்போது சிரிப்பு, காப்பி ஊற்றும்போது சிரிப்பு, தேவாலயத்தில் பாதிரியம்மா பாவத்தைப் பற்றிப் பேசும்போதும் சிரிப்பு. காதல் வந்துவிட்டது, என்ன செய்வது?

பாதி ஆயுள் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். கோதுமை வயல், ஏரி, மக்காச்சோளம், மறுபடியும் ஏரி. மினசோட்டாவின் இந்த மூலையில் தரை அப்படியே மேசைதான். மேடு என்று ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் ஊர்க்கோடியில் குப்பைமேட்டுக்குத்தான் போக வேண்டும். மலை என்ற சரக்கை மார்லிஸ் காலண்டரில் மட்டும் பார்த்திருக்கிறாள். அதனால்தான் ஓய்வு பெற்றதும் முதல் வேலையாக ஒரு டிரெய்லர் வீடு வாங்கினாள். வெள்ளை நிறம், வட்ட ஜன்னல், இரண்டு பேர் நெருக்கிப் படுக்கிற கட்டில், பொம்மைக்கு வாங்கினது போல ஒரு அடுப்பு. கல்யாணம் முடிந்த கையோடு அதை வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு மொன்டானாவுக்கு, மலைக்கு, தேனிலவுக்கு!

எல்லாம் சரி. எந்த வண்டிக்குப் பின்னால்?

மாப்பிள்ளை லவெர்ன் பியானோவுக்குச் சுருதி சேர்க்கிறவர். ஒல்லியான, பூப்போன்ற மனிதர். அவரிடம் குட்டி ஜீப் போல நீல வண்டி ஒன்று இருந்தது. அதற்குப் பெயர் பெர்னிஸ். காலையில் அதற்குக் குட்மார்னிங் சொல்லுவார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"பெர்னிஸ் இழுத்துடுவா, மார்லிஸ். வருஷா வருஷம் என் மீன்பிடி வீட்டை இழுக்கிறாளே!"

மீன்பிடி வீடு என்பது குளிர்காலத்தில் உறைந்த ஏரிமேல் நிறுத்தி, உள்ளே உட்கார்ந்து துளைபோட்டுத் தூண்டில் விடுகிற மரக்கொட்டகை. அடியில் சறுக்குக் கட்டை வேறு உண்டு. அட மனுஷா! ஐஸ்மேல் என்றால் தேவாலயத்தையே நான் தனியாளாக இழுத்து வருவேனே. இந்தத் தப்புக்கணக்கை எங்கள் ஏரிக்கரைக்காரனைத் தவிர உலகத்தில் யார் போடுவான்?

டிரெய்லர் விளம்பரத் தாளில் ஓர் எடை போட்டிருந்தது. பெர்னிஸின் புத்தகத்தில் அவள் இழுக்கக்கூடிய எடை போட்டிருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "பார்த்தியா மார்லிஸ், இன்னும் கொஞ்சம் மிச்சம்கூட இருக்கு" என்று குழந்தை போலச் சிரித்தார் லவெர்ன்.

மார்லிஸுக்கு மட்டும் அந்தக் கணக்கு ஒப்பவில்லை. பஸ் ஓட்டினவளுக்குத் தெரியாதா? இழுப்பது ஒரு பெரிய காரியமே இல்லை, நிறுத்துவதுதான் காரியம். மலை இறக்கத்தில் பின்னால் இருக்கிற வீடு முன்னால் இருக்கிற வண்டியை உதைத்துத் தள்ளும். ஆனால் அதை எப்படிச் சொல்வது? முதல் புருஷனிடம் ஒரே ஒரு தடவை, "உங்க டிராக்டர் சரிப்படாது" என்று சொன்னாள். அறுவடை முடிகிற வரை அந்த ஆள் பேசவில்லை. உப்பு வேண்டுமென்றால்கூட நாயிடம்தான் கேட்டான். இந்த மனிதரும் அப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டால்? மலையும் வேண்டும், மாப்பிள்ளையும் வேண்டும். ஒன்றைக் கேட்டால் மற்றது போய்விடுமோ என்று சிரிப்புக்கு நடுவே அவளுக்குப் பகீரென்றது.

ஊர்க்காரர்கள் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். நன்றாகச் சொன்னார்களே! எங்கள் ஊரில் முகத்துக்கு நேரே குறை சொல்கிற வழக்கம் கிடையாது. ஒருவன் தலைகீழாகத் தொப்பி போட்டுக்கொண்டு வந்தாலும், "ம்ம், வித்தியாசமா இருக்கு" என்போம். அதற்குமேல் ஒரு வசவு எங்களிடம் இல்லை. தேவாலய நிலவறையில் காப்பிக்குக் கூடும்போது லவெர்ன் பெர்னிஸ் புராணம் பாடுவார். எல்லோரும் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு, "வித்தியாசமாத்தான் இருக்கு" என்பார்கள். அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு இன்னொரு பிஸ்கட் தின்பார்.

பன்றிப் பண்ணைக்காரர் ஒருவர் தன் லாரியைத் தருகிறேன் என்றார். அதில் டிரெய்லரை இழுக்கலாம், டிரெய்லர் செய்த தொழிற்சாலையையும் சேர்த்து இழுக்கலாம். ஆனால் மலைமேல் முகாம் போடுகிற இடத்துக்குள் அது நுழையாது. நுழைந்தாலும் அந்த நாற்றத்தோடு தேனிலவா!

மார்லிஸின் தம்பி டுவெய்னிடம் பின்னால் சரக்குத் தட்டு வைத்த பிக்கப் வண்டி ஒன்று இருந்தது. பெர்னிஸைவிடப் பெரிசு, பன்றி லாரியைவிடச் சின்னது. படகும் வைக்கோல் வண்டியும் இழுத்துப் பழகினது. ஈஸ்டரின்போதே, "என் வண்டியை எடுத்துக்கோங்க மச்சான்" என்றான். "ஐயோ, உனக்கு எதுக்குச் சிரமம்" என்றார் லவெர்ன். புல் அறுக்கிற சமயத்தில் மறுபடி கேட்டான். "வேண்டாம்ப்பா, வேண்டாம்." இதுவும் எங்கள் வழக்கம்தான். யார் எதை நீட்டினாலும் இரண்டு தடவை மறுக்க வேண்டும், மூன்றாவது தடவைதான் வாங்க வேண்டும். முதல் தடவையே வாங்கினால் அலைகிறவன் என்று பெயர். மூன்றாவது தடவை மட்டும் ஏனோ வரவேயில்லை.

செப்டம்பரில் கல்யாணம் நடந்தது. மார்லிஸ் மஞ்சள் கவுன் போட்டுக்கொண்டாள். பஸ்ஸின் நிறம் என்று பழைய மாணவர்கள் ஹார்ன் சத்தம் போட்டார்கள். விருந்து முடிந்து வெளியே வந்தால், டிரெய்லருக்குள் ஊரே குடியேறியிருந்தது. உருளைக்கிழங்கும் இறைச்சியும் சேர்த்துச் சுட்ட ஹாட்டிஷ் கண்ணாடித் தட்டு தட்டாக. வெள்ளரி ஊறுகாய் பெட்டி பெட்டியாக. ஒரு மூட்டை உருளைக்கிழங்கு. இரும்பு வாணலிகள். யாரோ ஒரு புண்ணியவான், தரையில் உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கிற கல்லுக் கனத்துப் பௌலிங் பந்து வேறு, ஜோடியாக! இரண்டு தடவை மறுத்துப் பார்த்தார்கள். எல்லோரும் மூன்றாவது தடவை நீட்டினார்கள். அப்புறம் என்ன செய்ய முடியும்?

பெர்னிஸின் பின்பக்கம் தரையோடு உட்கார்ந்துவிட்டது. முன்பக்கம் தூக்கிக்கொண்டு, இரண்டு விளக்கும் வானத்தைப் பார்த்தன. முன்சக்கரம் சும்மா பேருக்கு நிலத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது.

தானியக் கிடங்கு ஆர்விட் தொண்டையைக் கனைத்தார். கோதுமை லாரிகளுக்கெல்லாம் எடை போடுகிறவர். "போற வழிதானே... நம்ம எடைமேடையில ஒரு நிமிஷம் ஏத்திட்டுப் போங்களேன்" என்றார். எங்கள் ஊர் அளவில் இது சட்டையைப் பிடித்து உலுக்குவதற்குச் சமம்.

பெர்னிஸ் புறப்பட்டாள். பின்னால் டிரெய்லர் இடமும் வலமும் இடுப்பை ஆட்டிக்கொண்டு வந்தது. அதற்குப் பின்னால் கல்யாணக் கூட்டம் மொத்தமும், பாதிரியம்மா உட்பட. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த லவெர்னின் விரல்கள் வெளுத்திருந்தன. "காத்து கொஞ்சம் ஜாஸ்தி" என்றார். ஓர் இலைகூட அசையவில்லை.

எடைமேடையில் ஏற்றினார்கள். ஆர்விட் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்தார், மறுபடி பார்த்தார்.

"என்ன ஆர்விட், எப்படி இருக்கு?" என்றார் லவெர்ன்.

"ம்ம்... வித்தியாசமா இருக்கு."

"அந்தத் தாள்ல போட்டிருந்ததைவிட ஜாஸ்தியா?"

"அது காலி வீட்டோட எடை, லவெர்ன். காலி வீட்டுல யாரு குடித்தனம் பண்ணுவா? தண்ணி இருக்கு, கேஸ் இருக்கு, இந்த ஊறுகாய் இருக்கு..."

"பந்தும் இருக்கு" என்றார் யாரோ.

"ஊறுகாயை இறக்கிட்டா போதும்ல?" என்றார் லவெர்ன். கூட்டம் காலணிகளைப் பார்த்தது. "மெதுவாப் போனா போதும்ல?" கூட்டம் வானத்தைப் பார்த்தது. "பெர்னிஸ் நல்ல பொண்ணு, என்ன மார்லிஸ்? இழுத்துடுவா, இல்ல?"

மார்லிஸ் அவரைப் பார்த்தாள். கோட்டில் குத்தியிருந்த பூ நடுங்கிக்கொண்டிருந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இன்றைக்கு எல்லாம் சுகமாக முடிந்துவிடும். அப்புறம் மொன்டானாவில் முதல் இறக்கம் வரும். பாவி மனசே, இந்த மனிதரை அந்த இறக்கத்தில் விடுவாயா? பேசாமல் போனால் போகட்டும், உயிரோடு இருந்துகொண்டு பேசாமல் இருக்கட்டும்!

"இழுக்காது!" என்று கத்தினாள். கிடங்குக் கூரையில் இருந்த புறாக்கள் பறந்தன. "யோவ், உன் வண்டி சின்னதுய்யா! எனக்கு மலையும் வேணும், நீயும் வேணும். இந்த நீலக் கழுதையை நம்பி ரெண்டையும் தொலைக்க நான் தயாரா இல்ல!"

ஊர் உறைந்து நின்றது. யாரும் யாரிடமும் இப்படிப் பேசி நாங்கள் கேட்டதேயில்லை. பாதிரியம்மா சிலுவை போட்டுக்கொண்டார். எங்கள் சபையில் அந்த வழக்கமே கிடையாது!

லவெர்னின் உதடு துடித்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று மார்லிஸ் கண்ணை மூடிக்கொண்டாள். ஆனால் காதில் விழுந்தது சிரிப்பு. மெலிசாகத் தொடங்கி, அந்த ஒல்லி உடம்பைக் குலுக்கி எடுக்கிற சிரிப்பு.

"அப்பாடா! யாராவது சொல்லித் தொலைக்க மாட்டீங்களான்னு காத்துக்கிட்டே இருந்தேன். போன வாரம் தனியா டிரெய்லரைக் குப்பைமேட்டுல ஏத்திப் பார்த்தேன், மார்லிஸ். இறங்கும்போது வீடு என்னைத் தள்ளிக்கிட்டு வந்துச்சு. கண்ணை மூடிக்கிட்டு ஜெபம் பண்ணினேன். அன்னியிலேர்ந்து தூக்கமே இல்ல."

"அப்புறம் ஏன்யா சொல்லல?"

"நீ அவ்வளவு சந்தோஷமா சிரிச்சிக்கிட்டு இருந்தியே. உன் மலையை நான் எப்படிக் கெடுக்கிறது?"

மார்லிஸுக்கு அழுகையும் வந்தது சிரிப்பும் வந்தது. அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு இரண்டையும் சேர்த்தே செய்தாள்.

அப்போது கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு டுவெய்ன் முன்னால் வந்தான். முகம் தக்காளியாகச் சிவந்திருந்தது. பாண்ட் பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினான்.

"அக்கா, மச்சான்... என் வண்டியை எடுத்துக்கோங்க. இது மூணாவது தடவை."

"அட கடங்காரா, இவ்வளவு நாள் எங்கேடா போனே?" என்றாள் மார்லிஸ்.

"ஜூலையிலயே கேட்க வாயைத் திறந்தேன்க்கா. கேக் கொண்டுவந்து வச்சிட்டாங்க."

"எடுத்துக்கிறோம்!" என்று இருவரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

கொக்கி மாற்ற ஆளாளுக்கு ஓடினார்கள். ஆர்விட் உத்தரவில் ஊறுகாய் இறங்கியது, உருளைக்கிழங்கு இறங்கியது, பௌலிங் பந்துகள் தன்னால் உருண்டு இறங்கின. பாதிரியம்மா ஹாட்டிஷ் தட்டுகளைத் திருப்பிக் கொடுக்கக் கொடுக்க, சாமி சத்தியமாக, ஒருவரும் மறுக்கவில்லை. பிக்கப்போடு டிரெய்லர் மறுபடி மேடையேறியது. பின்பக்கம் லேசாகப் பணிந்து, நிமிர்ந்து நின்றது. ஆர்விட் ஜன்னலிலிருந்து, "சரியா இருக்கு!" என்றார். கல்யாணத்தில்கூட அப்படிக் கை தட்டவில்லை. பெர்னிஸை டுவெய்ன் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். தினமும் குட்மார்னிங் சொல்லவும் ஒப்புக்கொண்டான்.

வண்டி நெடுஞ்சாலை ஏறியது. லவெர்ன் முதுகை நேராக்கிக்கொண்டு, அந்தப் பெரிய ஸ்டியரிங்கைத் தொட்டிலில் குழந்தையைப் பிடிப்பது போலப் பிடித்து ஓட்டினார். ஒரு டிராக்டர் அவர்களை முந்திக்கொண்டு போனது. கொஞ்ச தூரத்தில் இன்னொன்று. அவர் மெல்லத் திரும்பி, "நான் நல்லா ஓட்டுறேனா, மார்லிஸ்?" என்று கேட்டார்.

"இல்ல" என்றாள் மார்லிஸ், வாயெல்லாம் பல்லாக. "ஓரமா நிறுத்தி இறங்குய்யா. நான் ஓட்டுறேன்."

அவர் மறுபேச்சுப் பேசாமல் இறங்கி, பாடிக்கொண்டே இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தார்.