பள்ளிக்கூட ஸ்டாப்பில் நின்ற வண்டி

ஆபீஸ் ஆபீஸாகப் போய் மூச்சு வகுப்பு எடுப்பதுதான் தம்பிக்குத் தொழில். நேற்றை விடு, நாளையை விடு, இந்த நிமிஷத்தில் இரு என்பதை முக்கால் மணி நேரத்துக்கு இழுத்துச் சொல்லத் தெரிந்தவன். மேனேஜர் விட்ட டோஸ், தூக்கம் வராத தொல்லை, மாமியாரோடு மனஸ்தாபம் இதற்கெல்லாம் அந்த வைத்தியம் நன்றாகவே கேட்டது. இல்லை என்று பொய் சொல்லக் கூடாது.

அண்ணன் பஸ் டிரைவர். தம்பியைப் படிக்க வைத்தது அவர்தான். "சும்மா உக்காந்திருக்கச் சொல்லிக் குடுக்குறான், அதுக்கும் கூட்டம் வருது பாரு" என்று டிப்போ முழுக்கப் பீற்றிக்கொள்வார்.

ஒருநாள் அவர் வண்டியின் என்ஜினில் தீப்பிடித்தது. கடைசிப் பயணி இறங்கிய பிறகுதான் அவர் இறங்கினார். மார்பும் இரண்டு கைகளும் வெந்துபோயிருந்தன.

தீக்காய வார்டில் ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் கட்டுப் பிரிப்பார்கள். ஊசி போட்டாலும் வலி பாதிதான் அடங்கும். முதல் இரண்டு முறையும் கதவுக்கு வெளியே நின்ற தம்பியின் காதில் அலறல்தான் விழுந்தது. மூன்றாவது முறை பேச்சுக்குரல் கேட்டது.

"மார்க்கெட் ஸ்டாப்பு வந்தாச்சு. எத்தனை பேர் ஏறுறாங்க?" என்றாள் நர்ஸ்.

"எட்டுப் பேரு. கூடைக்காரம்மா படியிலயே நிக்குது. உள்ள போகச் சொல்லு."

"சொல்லிட்டேன். மணி அடிச்சாச்சு, போகலாம்."

அண்ணன் தன் பதினேழாம் நம்பர் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார். நர்ஸ்தான் கண்டக்டர். நடுநடுவே முனகல் வந்தது. அலறல் இல்லை.

தம்பிக்கு அது பொறுக்கவில்லை. ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவனின் சொந்த அண்ணனே இல்லாத பஸ்ஸில் ஏறி ஓடுவதா? அன்று சாயங்காலமே ஆரம்பித்துவிட்டான்.

"அண்ணா, வலிக்குப் பயந்து ஓடாதீங்க. ஓட ஓடத்தான் அது துரத்தும். இருக்குற இடத்துல இருந்து அதைப் பாருங்க."

"இருக்குற இடம் நல்லா இருந்தா இருக்கலாம்டா. இதுல எப்படி இருக்குறது?"

"எனக்காக ஒரு தடவை முயற்சி பண்ணுங்கண்ணா."

அந்த 'எனக்காக'வை மட்டுமாவது அவன் விழுங்கியிருக்கலாம்.

அடுத்த முறை பஸ் ஓடவில்லை. உள்ளே ஒரு சத்தமும் இல்லை. தம்பிக்குப் பெருமை தாங்கவில்லை. திரும்பப் படுக்கைக்கு வந்த அண்ணன் வெளுத்துப்போயிருந்தார். "நீ சொன்ன மாதிரியே பாத்தேன்டா" என்றார்.

அப்படியே ஐந்து முறை. பிறகு கிருமி ரத்தத்தில் ஏறி, மூன்றே நாளில் அண்ணன் போய்விட்டார்.

அவருடைய கண்ணாடியையும் செருப்பையும் வாங்கப் போனபோது தம்பி நர்ஸிடம் கேட்டான். ஆறுதல் தேடித்தான் கேட்டான்.

"கடைசி அஞ்சு தடவையும் அவர் கத்தவே இல்ல. நான் சொன்னது கொஞ்சம் உதவுச்சு, இல்லையா?"

நர்ஸ் கண்ணாடியையும் செருப்பையும் எடுத்துக் கொடுத்தாள்.

"வாயில துணி வைக்கச் சொன்னாரு சார். நீங்க வெளிய நிக்குறீங்கன்னு."

தம்பி செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றான்.

"வண்டிய எடுங்கன்னு நானும் எவ்வளவோ கேட்டுப் பாத்தேன். தம்பி படிச்சவன், அவன் மனசு கஷ்டப்படும்னு சொல்லிட்டாரு. அந்த ஒரு தடவை ஓட்டினப்ப, பள்ளிக்கூட ஸ்டாப்பு வந்ததும் கட்டு மாத்தி முடிஞ்சிருச்சு. மிச்சத்த அடுத்த தடவை ஓட்டலாம்னாரு. அப்புறம் எடுக்கவே இல்ல."

அன்று தம்பி வீட்டுக்குப் போகவில்லை. பள்ளிக்கூட ஸ்டாப்பில் நின்று பதினேழாம் நம்பரில் ஏறினான். டிரைவருக்குப் பின்னால் இடம் கிடைத்தது. மூச்சைக் கவனித்துப் பார்த்தான். அது துணிக்குள் அடைபட்ட அண்ணனின் மூச்சாகவே கேட்டது. அதை விட்டுவிட்டு, ஒவ்வொரு ஸ்டாப்பிலும் ஏறுகிறவர்களை எண்ணத் தொடங்கினான். தண்ணீர்த் தொட்டியில் நாலு பேர். மில் கேட்டில் பதினொரு பேர். பள்ளிக்கூடத்திலிருந்து டிப்போவுக்கு இருபத்தைந்து நிமிஷம்தான். அதைக்கூட அவரை ஓட்ட அவன் விடவில்லை.

"கடைசி ஸ்டாப்பு சார், எறங்குங்க" என்றார் கண்டக்டர்.

"அண்ணா, வந்துட்டோம்" என்றான் தம்பி, டிரைவர் சீட்டைப் பார்த்து.

யாரோ ஒரு டிரைவர் திரும்பிப் பார்த்தார்.