ஆறாம் கேள்வி

இருபத்திரண்டு வருஷமாக நான் மெரிடன் நகரத்தின் கிளார்க். நாலு வருஷத்துக்கு ஒரு தடவை தேர்தலில் நின்று ஜெயித்து, அதே நாற்காலியில் வந்து உட்காருவேன். என்னை எதிர்த்து இதுவரை ஒரே ஒருவர்தான் நின்றார். அவரும் வாக்குப்பதிவுக்கு முன்பே பனி தாங்க முடியாமல் ஃபுளோரிடாவுக்குக் குடிபோய்விட்டார். நாய்க்கு லைசென்ஸ், கல்லறையில் இடம், கவுன்சில் கூட்டக் குறிப்பு, வாக்காளர் பட்டியல், தேர்தல் எல்லாம் என் தலையில்தான். மூவாயிரம் பேர் இருக்கிற ஊரில் அப்படி என்ன வேலை என்று கேட்பீர்கள். அந்த மூவாயிரம் பேருக்கும் என் வீட்டு போன் நம்பர் தெரியும்.

எங்கள் நகரம் தன்னைத் தானே ஆண்டுகொள்ள எழுதிவைத்த சாசனம் 1938ஆம் வருஷத்தது. அதைத் தூசி தட்டித் திருத்த ஒரு குழு போட்டார்கள். ஒன்றரை வருஷம், ஒன்றுவிட்டு ஒரு செவ்வாய்க்கிழமை கூடினார்கள். குறிப்பு எழுத நான். தலைவர் ஸ்டான்டன், தெற்கே டெட்ராய்ட் பக்கம் பெரிய கம்பெனியில் இருந்து ஓய்வுபெற்று வந்தவர். நல்ல மனுஷர். அதுதான் தொந்தரவு, கோபப்படக்கூட முடியாது.

கடைசியில் ஒன்பது கேள்விகள் வாக்குச்சீட்டுக்கு வந்தன. தெருமுனையில் குதிரைகளுக்குத் தண்ணீர்த் தொட்டி வைக்க வேண்டும் என்ற விதியை எடுத்துவிடலாமா என்பது ஒன்று. மேயரை எங்கு பார்த்தாலும் ‘அவன்’ என்று எழுதியிருப்பதை மாற்றலாமா என்பது இன்னொன்று. ஆறாவது என்னுடையது. கிளார்க் பதவிக்கு இனிமேல் தேர்தல் கிடையாது, நகர மேலாளரே ஆளை நியமிப்பார், பட்டப்படிப்பு கட்டாயம், ஜனவரி முதல் தேதியிலிருந்து நடைமுறை. இதை முன்மொழிந்த அன்று குறிப்பேட்டில் எழுதியதும் நான்தான். பிழை இல்லாமல் எழுதினேன்.

கூட்டம் முடிந்து கோட்டை மாட்டிக்கொண்டே ஸ்டான்டன் என் பக்கம் வந்தார்.

“ஆர்லீன், இது உங்களைப் பத்தினது இல்லைங்க. பதவியைப் பத்தினது.”

“அந்தப் பதவியில நான்தானே சார் உக்காந்திருக்கேன்?”

“அதான் சொல்றேன், மனசுல வச்சுக்காதீங்க.”

வேறே எங்கே வைத்துக்கொள்வது? நான் பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்தியவள். ஆமாம் என்று ஊர் சொன்னால் ஜனவரியில் நான் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். போனால் ரெய்னோவின் மாத்திரை நின்றுவிடும்.

ரெய்னோ என் புருஷன். முப்பத்தோரு வருஷம் இரும்புச் சுரங்கத்தில் வேலை பார்த்தவன். இப்போது நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டு வருகிறது. மூக்கில் குழாய், காலடியில் ஆக்சிஜன் சிலிண்டர். இறுகுவதைத் தள்ளிப்போட ஒரு மாத்திரை இருக்கிறது. அதன் விலையைக் கேட்டு மருந்துக்கடைப் பெண்ணே என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். என் வேலையோடு வரும் இன்ஷூரன்ஸில்தான் அது கிடைக்கிறது. அரசாங்க இன்ஷூரன்ஸ் அறுபத்தைந்து வயதில். அவனுக்கு அறுபத்து மூன்று. இன்னும் இரண்டு வருஷம் நான் அந்தக் கவுன்டரில் நின்றாக வேண்டும். என்னுடைய அரசியல் இவ்வளவுதான்.

ஆனால் தேர்தலை நடத்துகிற கிளார்க், இப்படிப் போடு அப்படிப் போடு என்று சொல்லக் கூடாது. ஆபீஸ் நேரத்தில் ஆபீஸ் செலவில் கூடாது என்றுதான் சட்டம் சொல்கிறது. நான் அதை என் வீட்டு அடுப்படி வரை நீட்டிவிட்டேன். ஒரு வார்த்தை வெளியே போனால் தன் நாற்காலிக்காக ஆள் பிடிக்கிறாள் என்பார்கள். இருபத்திரண்டு வருஷம் காப்பாற்றிய பெயர். வீம்பு என்றும் சொல்லலாம், நான் மறுக்கப் போவதில்லை.

ஆகஸ்டிலிருந்து கவுன்டரில் இதே பாட்டுத்தான்.

“கிளார்க்கம்மா, இந்த ஆறாவதுக்கு என்ன போடறது?”

“படிச்சுப் பாருங்க. கீழ விளக்கம் இருக்கு.”

“படிச்சேன், தூக்கம் வந்துடுச்சு. நீயே சொல்லு, நீ சொல்றத அப்படியே போட்டுட்டுப் போறேன்.”

“நான் சொல்லக் கூடாதுங்க.”

“நீ நல்லா இருக்கியா, அதையாவது சொல்லலாமா?”

“நல்லா இருக்கேன்.”

நன்றாக இல்லை. தபால் வாக்குச்சீட்டுகளை உறையில் போட்டு அனுப்புவது, வாக்கு எண்ணும் மெஷினைப் பத்துப் பேர் பார்க்க ஓட்டிக் காட்டுவது, தேர்தல் வேலைக்கு வருகிறவர்களுக்கு வகுப்பு எடுப்பது என்று இடுப்பொடிந்தது. போன வருஷம் சொல்லிக்கொடுத்ததை அவர்கள் போன வருஷமே மறந்திருந்தார்கள். அக்டோபர் நடுவிலேயே பனி கொட்டத் தொடங்கியது. ஏழு மணிக்கு வீட்டுக்குப் போனால் ரெய்னோ ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருப்பான். எழுப்பி, சூப்பைச் சூடுபண்ணிக் கொடுத்து, சிலிண்டர் மாற்றிப் படுக்க வைப்பேன். என்ன பேசினோம் என்று கேட்டால் ஒன்றும் நினைவில்லை. ஒருநாள் கவுன்டரிலேயே தலை சாய்ந்துவிட்டது. கண் விழித்தால் ஹெல்மி எதிரே நிற்கிறாள். எங்கள் சர்ச் பெண்கள் சங்கத்துக்கு அவள்தான் தலைவி, பள்ளிக்கூட நாளிலிருந்து என் தோழி.

“பேய் அடிச்ச மாதிரி இருக்கடி” என்றாள். “என்னைக்குத்தான் விடிவு உனக்கு?”

“தேர்தல் முடியட்டும்.”

“ஆமா, முடியட்டும்” என்று அழுத்திச் சொல்லிவிட்டு, நாய் லைசென்ஸுக்கு வந்ததையே மறந்து போய்விட்டாள்.

நவம்பரில் தேர்தல் நாள் வந்தது. சர்ச் ஹாலில் ஒரு பக்கம் வாக்குப்பதிவு, மறுபக்கக் கதவுக்கு அப்பால் ஹெல்மியின் கூட்டம் உருளைக்கிழங்கும் கறியும் வைத்து மடித்த பாஸ்டியைச் சுடச்சுட விற்றுக்கொண்டிருந்தது. வாசனைக்காகவே பாதிப் பேர் வாக்களிக்க வந்தார்கள். அன்று எல்லோரும் என்னிடம் ஒரு மாதிரி இருந்தார்கள். தோளில் தட்டினார்கள். கண்ணைச் சிமிட்டினார்கள். பனி தள்ளும் வண்டி ஓட்டுகிற எய்னார், பேசவே காசு கேட்கிற ஆள், என் அருகே வந்து தொப்பியைக் கழற்றினான்.

“கவலைப்படாதீங்க கிளார்க்கம்மா. நாங்க பாத்துக்கிட்டோம்.”

நான் வாயைத் திறக்காமலே ஊர் புரிந்துகொண்டதே என்று நினைத்தேன். எங்கள் ஊர் எதைக் கேட்டாலும் வேண்டாம் என்று போடுகிற ஊர். நூலகத்துக்குப் புதுக் கூரை வேண்டுமா என்று மூன்று முறை கேட்டு மூன்று முறையும் வேண்டாம் என்றவர்கள். அந்த மகா பிடிவாதம் இந்த ஒரு தடவை எனக்காக நிற்கட்டும் என்றிருந்தேன். மூன்று மணிவாக்கில் ரெய்னோவே சிலிண்டரை இழுத்துக்கொண்டு, நாலு அடிக்கு ஒரு தடவை நின்று நின்று வந்து வாக்களித்துவிட்டுப் போனான். என் பக்கம் திரும்பவில்லை. என் வேலையைக் கெடுக்க வேண்டாம் என்று இருக்கிறான் போல என நினைத்துக்கொண்டேன்.

எட்டு மணிக்குக் கதவை மூடினோம். மெஷின் முடிவைத் துண்டுச்சீட்டாகக் கக்கியது. ஒன்பதில் எட்டு கேள்விகள் தோற்றுப்போயின. மேயர் இன்னமும் ‘அவன்’தான். குதிரைகளுக்குத் தண்ணீர்த் தொட்டியும் உண்டு. ஒன்றே ஒன்றுதான் ஜெயித்திருந்தது. ஆறாம் கேள்வி: ஆமாம் 611, வேண்டாம் 498. சீட்டை மறுபடி பார்த்தேன். கையெழுத்துப் போட்டு, விதிப்படி ஹால் கதவில் ஒட்டினேன். கொஞ்சம் கோணலாகத்தான் ஒட்ட வந்தது.

ரெய்னோ தூங்கிவிட்டிருந்தான். எழுப்பிச் சொல்ல மனம் வரவில்லை. எந்த வாயால் சொல்வது?

மறுநாள் காலை ஒன்பதரைக்கு ஹெல்மி, ஏலக்காய் ரொட்டியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தாள். பின்னாலேயே சங்கத்துப் பெண்கள் நாலு பேர். முகமெல்லாம் சிரிப்பு.

“பாத்தியா? போட்டுத் தள்ளிட்டோம்ல!” என்றாள்.

“எதை?”

“ஆறாவதைத்தான், ஆமாம்னு. இனிமே நாலு வருஷத்துக்கு ஒருக்கா பனியில வீடு வீடா ஏறி இறங்க வேண்டாம். இந்தக் கவுன்டரும் வேண்டாம். ஜனவரியில இருந்து மகாராணி மாதிரி வீட்ல இரு. மத்ததெல்லாம் வழக்கம்போல வேண்டாம்னு போட்டுட்டோம், அது வேற.”

ரொட்டியின் சூடு துணி வழியாகக் கையில் ஏறியது.

“ஏண்டி, இது யாரு யோசனை?”

“வேற யாரு, ரெய்னோதான். செப்டம்பர்ல சர்ச்சுல என்னைத் தனியா கூப்ட்டான். ‘அவளா விடமாட்டா ஹெல்மி, பொறுப்பு பொறுப்புன்னு நின்னே செத்துடுவா. ஊரே சேர்ந்து அனுப்பிவச்சாத்தான் உண்டு’ன்னு கண்ணுல தண்ணி விட்டான். இன்ஷூரன்ஸ் எல்லாம் என்ன ஆகும்னு கேட்டேனே நான்! அது பாட்டுக்குத் தொடரும்னான். அப்புறம் நாங்க சும்மா இருப்பமா? ஒரு தெரு விடல.”

அவள் முகத்தைப் பார்த்தேன். வாக்குச்சீட்டை வாழ்நாளில் முதல் தடவை ஆசையோடு குத்தியவள் முகம். தொடராது ஹெல்மி, ஜனவரியோடு அவன் மருந்து நின்றுவிடும் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் அவள் அங்கேயே உடைந்து உட்கார்ந்துவிடுவாள், அவளைத் தேற்றுகிற வேலையும் எனக்கே வரும். எனக்கு அதற்குத் தெம்பில்லை. ரொட்டி நன்றாக இருக்கிறது என்றேன். இன்னும் வெட்டக்கூட இல்லை. யாரும் கவனிக்கவில்லை.

தேர்தல் காகிதங்களைக் கவுன்டி அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டு, பன்னிரண்டு மணிக்கு ஆபீசைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். ரெய்னோ ஜன்னலோரம் பறவைகளுக்கு வைத்த தீனியைப் பார்த்துக்கொண்டிருந்தான். இந்த நேரத்தில் என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“தெரிஞ்சு போச்சா?” என்றான்.

“ஹெல்மிகிட்ட பொய் சொல்லியிருக்க.”

“கொஞ்சம்.”

“இது கொஞ்சமா? மாத்திரை நின்னா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாதா?”

“தெரியும். டாக்டர் என்கிட்டதான முதல்ல சொன்னார்.” நிறுத்தி மூச்சு வாங்கினான். “அது சரிபண்ற மருந்து இல்ல ஆர்லீன். ரெண்டு வருஷம் தள்ளிப்போடும். அந்த ரெண்டு வருஷமும் நீ அங்க நாய்க்கு லைசென்ஸ் எழுதிக்கிட்டு இருப்ப. நான் இங்க ஒரு குருவிய விடாம எண்ணிக்கிட்டு இருப்பேன். ஏழு மணிக்கு வந்து சூப்பு ஊத்திட்டு நீ உக்காந்த எடத்துலயே தூங்கிடற. அந்த ரெண்டு வருஷத்த வாங்கி நான் என்ன பண்ணட்டும்?”

அறைய வேண்டும் போல இருந்தது. மூக்கில் குழாய் வைத்திருக்கிற ஆளை எங்கே அறைவது?

“என்னை ஒரு வார்த்தை கேட்டியாடா பாவி?”

“கேட்டேன். மூணு தடவை கேட்டேன். ‘தேர்தல் முடியற வரைக்கும் ஆறாவது பத்தி என்கிட்ட வாயத் திறக்காதே’ன்ன. கவுன்டர்ல சொல்ற அதே குரல்ல சொன்ன.”

அவன் சொன்னது உண்மை. எனக்கு நினைவு வந்தது. பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொல்லியிருந்தேன். அவன் என் வேலையைப் பற்றிக் கேட்கிறான் என்று நினைத்தேன், அவன் தன் சாவைப் பற்றிக் கேட்டிருக்கிறான். வெட்கமும் ஆத்திரமுமாக அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பூட்ஸைக்கூடக் கழற்றாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் எதிரே உட்கார்ந்தேன்.

“அப்ப இப்பக் கேளு” என்றேன். “தேர்தல் முடிஞ்சுபோச்சு. கேளு.”

அவன் மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டான்.

“மருந்து வேணுமா உனக்கு, நான் வேணுமா?”

“ரெண்டும் வேணும்.”

“அப்படி ஒரு கட்டம் சீட்டுல இல்லையே, கிளார்க்கம்மா” என்றான்.

சிரிக்கப் பார்த்தவனுக்கு இருமல் வந்துவிட்டது. நான் எழுந்து அவன் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். அது அடங்க வெகுநேரம் பிடித்தது. அன்று மத்தியானம் நான் ஆபீசைத் திறக்கவில்லை.