நான்கு மாதக் கஷாயம்

மரவாடியில் கிரேன் ஓட்டுகிறவரின் இருமல் பத்தே நாளில் நின்றதற்குக் காட்டு அதிமதுரம்தான் காரணம். அந்த வேரின் நல்ல குணத்தை யாரும் குறை சொல்ல முடியாது. குற்றம் அதை வைத்துக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியும் செய்த காரியத்தில் இருந்தது.

அவர் மனைவி தையல்காரி. ஒரே மகள் பத்தொன்பது வயதில் காய்ச்சலில் இறந்த பிறகு அவள் மெஷினைத் தொடவில்லை. எட்டு மாதம் கட்டிலே கதி என்று கிடந்தாள். சமைப்பதும் துவைப்பதும், துக்கம் கேட்க வந்தவர்களுக்குப் பதில் சொல்வதும் அவர் தலையில் விழுந்தன. மரத்தூள் தொண்டையில் இறங்கி அவர் விடாமல் இருமியபோதுதான் அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

அவருடைய கால்சட்டையில் ஒட்டியிருந்த முள் காய்களைப் பார்த்துவிட்டு, விசாரிக்க வந்த எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரர் அது காட்டு அதிமதுரம் என்றார். ரயில் பாதை மேட்டில் மண்டிக் கிடக்கிறதே, அதன் வேரைக் காய்ச்சிக் குடித்தால் வறட்டு இருமல், தொண்டைப் புண், வயிற்றுப் புண் எல்லாம் ஆறும் என்றார். ஒரு வாரம் போதும், அதற்கு மேல் வேண்டாம் என்றும் சொன்னார். முன்பாதி மட்டும்தான் அவள் காதில் ஏறியது.

மறுநாள் விடிந்ததும் யாரும் எழுப்பாமல் எழுந்தாள். தலையை வாரிக்கொண்டு, மண்வெட்டியோடு மேட்டுக்குப் போனாள். வேர் விரல் தடிமன் இருந்தது. வெளியே பழுப்பு, உள்ளே மஞ்சள். கடித்தால் முதலில் இனிப்பு, பிறகு நாக்கின் அடியில் லேசான கசப்பு. கழுவி, தோல் சீவி, நிழலில் உலர்த்தி, நசுக்கி, நாலு டம்ளர் தண்ணீர் இரண்டாகச் சுண்டும்வரை காய்ச்சினாள்.

இருமல் நின்றது. அதோடு அவள் நின்றாளா? காலையில் ஒரு டம்ளர், வேலைக்கு ஒரு பிளாஸ்க், படுக்கும் முன் ஒரு டம்ளர். வேர் தேடி நடந்த கால்கள் கடைத்தெருவுக்கும் நடந்தன. மெஷினின் உறை கழன்றது. ஒரு நாள் அளவு தப்பிய சட்டைக் கையைப் பார்த்துத் தனக்குத் தானே சிரித்தாள். அவர் வாசலில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மூன்றாம் மாதம் அவர் கணுக்கால் வீங்கியது. கிரேன் கூண்டுக்கு இருபத்திரண்டு படி. ஒரே மூச்சில் ஏறுகிறவர் இரண்டு இடத்தில் நின்று ஏறினார். உடம்பு தளர்ந்துவிட்டது என்று அவள் வேரைக் கூட்டிப் போட்டாள். பாவி மனுஷி, வேறென்ன செய்வாள்?

நான்காம் மாதம் ஒரு மத்தியானம் அவரால் காலை அசைக்கவே முடியவில்லை. கூண்டிலிருந்து நாலு பேர் இறக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரத்த அழுத்தம் எகிறியிருந்தது. பொட்டாசியம் அதலபாதாளத்துக்குப் போயிருந்தது. இன்னும் இறங்கினால் இதயமே நின்றுவிடலாம் என்று டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார். சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். ஏறிய அளவு மறுநாள் இறங்கியது. பார்வை நேரத்தில் திரைக்குப் பின்னால் அவள் பிளாஸ்க்கிலிருந்து ஊற்றிக் கொடுத்ததை அவர் மறுக்காமல் குடித்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் டாக்டரம்மா நடைவழி பெஞ்சில் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நாங்க ஏத்துறதெல்லாம் எங்கயோ போயிடுதும்மா. வீட்டுல என்ன கொடுக்கறீங்க?"

"மருந்து எதுவும் இல்லீங்க. இருமலுக்கு வேர்க் கஷாயம் மட்டுந்தான்."

பையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்து நீட்டினாள். டாக்டரம்மா முகர்ந்து பார்த்தார். எவ்வளவு, எத்தனை நாள் என்று கேட்டார். தொண்டையை ஆற்றுகிற அதே வேர், அளவில்லாமல் மாதக்கணக்கில் போனால் உப்பைப் பிடித்து வைத்துக்கொண்டு பொட்டாசியத்தை வெளியே தள்ளிவிடும் என்று விளக்கினார். இப்போதே நிறுத்தினால் பிழைத்துக்கொள்வார், சில வாரம் ஆகும் என்றார்.

"அவர்கிட்ட மூணு தடவை கேட்டேன். எதுவுமே குடிக்கறதில்லன்னு சொன்னாரே" என்றார் எழுந்துகொண்டே.

அவள் உள்ளே போய்க் கட்டிலருகே நின்றாள்.

"ஏங்க டாக்டர்கிட்ட மறைச்சீங்க?"

அவர் போர்வையின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தார். "குடிச்சா கால் கனக்குதுன்னு எனக்கே தோணிச்சு. சொன்னா நிறுத்திடுவாங்க."

"நிறுத்தினா என்ன போச்சு?"

"அப்புறம் நீ எதுக்கு எந்திரிப்பே?"

அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. இந்த மனுஷனை உலுக்க வேண்டும் போல இருந்தது.

"பெத்ததத்தான் காப்பாத்த முடியல. உங்களையும் என் கையாலயே கொன்னுட்டு நான் எந்திரிச்சு நடமாடணுமா?"

அவள் அவர் கையைத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு, பார்வை நேரம் முடிந்ததாக நர்ஸ் வந்து சொல்லும்வரை அழுதாள்.

மறுநாள் விடிந்தபோது தோண்ட வேண்டியது எதுவும் இல்லை, காய்ச்ச வேண்டியதும் இல்லை. வீட்டில் தன் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு காலைத் தரையில் ஊன்றினாள்.