இரண்டாம் இடத்தில் ஒரு கல்யாணம்

கோயில் தலைவர் அழகேசன் கார் நிறுத்தும் வசதியின் எடையைக் கொஞ்சம் கூட்டிய காலையில், குருண் மாரியம்மன் கோயில் கோபுரத்தோடு எழுந்து பாக்கார் ஆராங்குக்குப் போய்விட்டது. குருக்கள் உள்ளேதான் இருந்தார். இறங்கியதும் விட்ட இடத்திலிருந்து மந்திரத்தைத் தொடர்ந்தார்.

கோயில் இருந்த தோட்டத்தை வீடு கட்ட விற்றுவிட்டதால் கோயிலுக்குப் புது இடம் தேடினார்கள். தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாடு பார்க்கும் யோகேஸ்வரி, குருண், செமிலிங், பாக்கார் ஆராங் ஆகிய மூன்று ஊர்களிலும் கிடைத்த நிலங்களுக்குத் தண்ணீர், சாலை, கார் நிறுத்தம் என்று மதிப்பெண் போட்டு, எதற்கு எவ்வளவு எடை என்றும் வைத்துக் கணினியில் வரிசைப்படுத்தினாள். அவள் செய்த தப்பு மரியாதைதான். தலைவருக்கு மாலை போட்டால் செயலாளருக்கும் போட்டாக வேண்டிய ஊர். ஒருவருக்கும் மனத்தாங்கல் வேண்டாமென்று இருவர் கைப்பேசியிலும் கணக்கைத் திறந்துவிட்டாள். பாக்கார் ஆராங்கில் வீடிருந்த அழகேசன் கார் நிறுத்தத்துக்கு எடையைக் கூட்டினார். குருண்காரரான செயலாளர் குழந்தைவேலு தண்ணீருக்குக் கூட்டினார். முதலிடம் மாறும்போதெல்லாம் கோயிலும் அந்த ஊருக்குப் பறந்தது. பால்குடம் எடுத்தவர்கள் பாதி வழியில் திரும்பி நடந்தார்கள். "அண்ணே, இன்னைக்கு அம்மன் எங்கலா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஜனங்கள் வாசலில் நின்ற கிரேத்தாவைக் கிளப்பினார்கள்.

அம்மன் முன்னால் தாலி கட்டிக்கொள்வதாக யோகேஸ்வரிக்கு நேர்த்திக்கடன். மாப்பிள்ளை சசிதரனின் அம்மாவோ, இந்த ஆவணி தவறினால் வேறு பெண் பார்ப்பதாகச் சொல்லிவிட்டாள். அழைப்பிதழில் எந்த ஊரைப் போடுவது? தான் போட்ட கணக்கே தன் கல்யாணத்துக்கு வினையாகிவிட்டதே என்று வேலையிடத்துக் கழிவறையில் நின்று அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, கணக்கின் நகல் ஒன்றில் ஒவ்வோர் எடையையும் ஏற்றி இறக்கிப் பார்த்தாள். முதலிடம் தொட்டாலே கவிழ்ந்தது. எப்படிப் புரட்டினாலும் அசையாதது, இரண்டாம் இடத்தில் இருந்த செமிலிங் மட்டுமே.

அழைப்பிதழில் செமிலிங் என்று அடித்தாள்.

"அங்க வெறும் புல்லுதானே இருக்கு?" என்றான் சசிதரன்.

"இருக்கட்டும்லா. அது ஒண்ணுதான் நம்மள விட்டு ஓடாது."

கல்யாணத்தன்று தலைவரும் செயலாளரும் பந்தலின் முன்வரிசையில் உட்கார்ந்து, ஆளுக்கொரு கைப்பேசியோடு விடாப்பிடியாக எடையை மாற்றிக்கொண்டிருந்தார்கள். கோயில் குருணுக்கும் பாக்கார் ஆராங்குக்குமாகப் பறந்தது. செமிலிங்கைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒவ்வொரு முறையும் கோபுர நிழல் பந்தலைத் தடவிச் சென்றது. அம்மன் பார்த்துக்கொண்டே போனாள். நல்ல நேரம் முடிவதற்குள் குருக்கள் மேலிருந்து எட்டிப் பார்த்து, "கெட்டிமேளம்! சீக்கிரம்லா!" என்று கத்தினார். தாலி ஏறியது. யோகேஸ்வரி சந்தோஷத்தில் தேம்பி அழுதாள்.

இப்போது செமிலிங் புல்தரையில் முகூர்த்தம் கிடைப்பதே கஷ்டம். பெண் வீட்டார் முதலில் தலைவரையும் செயலாளரையும் போய் அழைக்கிறார்கள். அவர்கள் இருவரும் சமாதானமாகி, கோயில் பறக்காமல் நிற்கும் வாரங்களில் மட்டும் அங்கே யாரும் கல்யாணம் வைப்பதில்லை.