மிளகாய் சொன்ன சாட்சி

சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் மிளகாய் என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே பேசும்போது மட்டும் மரியாதைக்கு ஒரு அக்காவைச் சேர்த்துக்கொள்வார்கள். அவளுக்கு அதில் வருத்தமில்லை. சுருக்கென்று பேசுவது அவள் சுபாவம்.

அப்பா வாயைத் திறந்தாலே பொய் வரும் வீட்டில் பிறந்தவள் அவள். ஒரு தெருவில் பொய்யின் சாயம் வெளுத்ததும் சாமான்களைக் கட்டிக்கொண்டு அடுத்த தெருவுக்கு ஓடுவார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு பேர், வீட்டுக்காரரிடம் இன்னொரு பேர். எங்கே காலை ஊன்றினாலும் சறுக்கியது. வளர்ந்த பிறகு கர்த்தரை நம்பி, ஞானஸ்நானத்துக்குத் தண்ணீரில் இறங்கியபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்று: “இனிமே நான் எங்கேயும் ஓடக் கூடாது ஆண்டவரே.” பொய்யை அன்றே விட்டாள். வேலை, கல்யாணம், பிள்ளைகள் என்று பிறகு எதைக் கட்டினாலும் அந்தத் தீர்மானத்தின்மேல்தான் கட்டினாள்.

ஒரு நாள், ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் தேய்க்கும் பெரிய உருளை மெஷினில் ஒரு பெண்ணின் கை சிக்கிக்கொண்டது. புதிதாக வேலைக்கு வந்தவள். புதுசு என்பதே அவளுக்குப் பேராகிவிட்டிருந்தது. சூடான உருளைகளுக்கு முன்னால் ஒரு கம்பி இருக்கும். கை பட்டால் மெஷின் நின்றுவிடும். துணி சுருண்டு பட்டாலும் நின்று தொலைக்கிறது என்று அந்தக் கம்பியைக் கழற்ற வைத்தவர் மேனேஜர். மெக்கானிக் கழற்றும்போது மிளகாய் பக்கத்திலேயே நின்றாள்.

“சார், யாராவது கையை விட்டுடுவாங்க” என்றாள்.

“நீ மடிக்கிற வேலையைப் பாரும்மா” என்றார் அவர்.

புதுசு அலறியபோது ஓடிப்போய் மெஷினை நிறுத்தியவளும் மிளகாய்தான். வலது கை மணிக்கட்டுவரை வெந்துபோயிருந்தது. அந்த வாடை அவள் மூக்கைவிட்டுப் போகவில்லை.

மேனேஜர் அவள் போகும் சபையில் மூப்பர், பாஸ்டருக்கு அடுத்த பொறுப்பில் இருப்பவர். மறுநாள் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். கூடத்தில் ‘ஏம்மா’ என்பவர், உள்ளே ‘சிஸ்டர்’ என்றார்.

“சிஸ்டர், விசாரணைக்குத் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வர்றார். கம்பியை அந்தப் பொண்ணேதான் கழட்டினான்னு சொல்லிடுங்க. மெக்கானிக்கும் அப்படித்தான் சொல்லப்போறான்.”

“கழட்டச் சொன்னது நீங்க.”

“ஆண்டவருக்குள்ள நாம ஒரே குடும்பம். ஒருத்தரை ஒருத்தர் மாட்டிவிடலாமா? ஜெபம் பண்ணிப் பாருங்க.”

அவளுக்கு உச்சந்தலைவரை சூடேறியது. “பொய் சொல்லட்டுமான்னு அவர்கிட்டயே போய்க் கேட்கச் சொல்றீங்களா?” என்று கதவைப் படாரென்று திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

வீட்டில் புருஷனும் பிடித்துக்கொண்டான். அவன் பஸ் டிரைவர். வம்புக்குப் போகாத மனிதன்.

“வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா? எனக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டு வந்தா என்ன குறைஞ்சிடும்?”

“எங்க அப்பா வீட்டுல எதுமேலயும் நிக்க முடியல. இப்பதான் ஒரு இடத்துல நிக்கிறேன். அதைப்போய்த் தோண்டச் சொல்றீங்களே!”

அவள் பாத்திரங்களை உருட்டிக்கொண்டே ஜெபித்தாள். ஜெபமா அது, சண்டை. “உம்ம வீட்டு மூப்பர்தானே அவர்? நீர் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீர்? அந்தப் பொண்ணு கையை ஏன் விட்டீர்?” எதைச் சொல்ல வேண்டும் என்பதில் மட்டும் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

விசாரணையில் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னாள். மெக்கானிக் தரையைப் பார்த்துக்கொண்டு பொய் சொன்னான்; மேனேஜர் தப்பித்துக்கொண்டார். அந்த வாரமே, ஆள் அதிகம் என்று அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சபையில், கர்த்தர் தங்களுக்குச் செய்ததை எழுந்து சாட்சியாகச் சொல்லும் நேரம். மூப்பர் எழுந்தார். “போன வாரம் சத்துரு என்மேல ஒரு பொய்க் குற்றச்சாட்டைக் கொண்டுவந்தான். கர்த்தர் என்னைக் கைவிடல” என்று குரல் தழுதழுக்கச் சொன்னார். சபை கைதட்டியது.

மிளகாய் எழுந்து நின்றாள்.

“சிஸ்டர், நேரமாச்சு” என்றார் பாஸ்டர்.

“அவருக்கு நேரம் இருந்துச்சே! கம்பியைக் கழட்டச் சொன்னது இவர்தான். நான் கண்ணால பார்த்தேன். சொன்னதுக்கு என் வேலை போச்சு. அந்தப் பொண்ணுக்கு ரெண்டு விரலை எடுத்துட்டாங்க. இவர் செஞ்சதை மூடுறதுக்குக் கர்த்தரோட பேரு என்ன, படுக்கை விரிப்பா?”

“உட்காருங்க சிஸ்டர்!” என்று யாரோ அதட்டினார்கள்.

“மாட்டேன். இவரை நம்பியோ உங்களை நம்பியோ நான் ஞானஸ்நானம் எடுக்கல. நீங்க எல்லாரும் சேர்ந்து தள்ளினாலும் விழமாட்டேன்.”

அப்போது பக்கத்தில் பெஞ்சு கிரீச்சிட்டது. புருஷன் எழுந்து நின்றிருந்தான். கையைக் கட்டிக்கொண்டு அவளோடு நின்றான்.

ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் அவளிடம், “மூப்பர்கிட்ட ஒரு மன்னிப்பு கேட்டுடுங்க, சமாதானமாப் போயிடலாம்” என்றார்.

“அந்தப் பொண்ணுகிட்ட அவரை மன்னிப்புக் கேட்கச் சொன்னீங்களா?”

பாஸ்டர் வாட்சைப் பார்த்தார்.

இது சபைக்கு வெளியேயும் பரவி மெக்கானிக்கின் காதுக்கும் போயிற்று. அவனுக்கும் புதுசின் வயதில் ஒரு மகள். இரண்டாவது விசாரணையில் உண்மையை ஒப்புக்கொண்டான். புதுசின் வைத்தியச் செலவை நிறுவனம் ஏற்றது. மெஷினுக்குக் கம்பி திரும்பி வந்தது. மேனேஜருக்கு அந்த வேலை போயிற்று. ஆனால் சபையில் இன்னும் அவர்தான் மூப்பர். காணிக்கைத் தட்டைப் பிடித்துக்கொண்டு அவள் முன்னால் வருவார். அவள் முகத்தைத் திருப்பாமல் அவரையே பார்ப்பாள்; அவர்தான் திரும்புவார். ‘வேற சபைக்குப் போயிடேன்’ என்று சிலர் சொன்ன பிறகும் ஞாயிறுதோறும் அதே பெஞ்சில் வந்து உட்காருவாள்.

இப்போது ஒரு விடுதியில் துணி துவைக்கிறாள். ஒரு நாள் அவளைப் பார்க்க வந்த புதுசு, “அவரை மன்னிச்சிட்டீங்களாக்கா?” என்று கேட்டாள்.

“இல்லடி. மன்னிக்கணும்னு ஆண்டவர் சொல்றார், முடியலன்னு நான் சொல்றேன். தினமும் ரெண்டு பேருக்கும் சண்டைதான்” என்று மிளகாய் ஈரப் போர்வையை முறுக்கிப் பிழிந்தாள். “நீ உட்காரு. சாப்பிட்டுட்டுத்தான் போகணும்.”