வெட்டுப்பட்ட வில்லாளிகள்

சார்திஸ் நகரக் கடைவீதியில் காசுப் பரிசோதகன் திம்லே நல்ல காசு என்று சொல்லிவிட்டால் அது நல்ல காசு. அதற்கு மேல் பேச்சில்லை. அந்தத் திமிர் அவனுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

அன்று அவன் முன்னால் வந்து நின்றவன் பாகிவா, செத்துப்போன அக்காவின் புருஷன். மகள் அத்தாலாவைத் திம்லேயிடம் விட்டுவிட்டு அரசனின் படைக்குப் போனவன், பன்னிரண்டு வருஷம் கழித்துத் திரும்பியிருந்தான். மறுநாள் அத்தாலாவுக்குக் கல்யாணம். பெண்ணின் கழுத்துக்கு அப்பன்தான் ஐந்து பொன்காசு கோத்துப் போட வேண்டும். பாகிவா துணி முடிச்சை அவிழ்த்து ஐந்தையும் பலகையில் வைத்தான். ஒவ்வொன்றிலும் அரசனின் முத்திரையாக ஒரு வில்லாளி மண்டியிட்டிருந்தான்.

திம்லே உரைகல்லில் தேய்த்தான். கோடு பொன்னாகவே விழுந்தது. சொந்தக்காரன் காசென்றால் யாரும் அதோடு விட்டுவிடுவார்கள். உளி வைத்து வெட்டி உள்ளே பார்ப்பது ஊர்பேர் தெரியாதவன் காசைத்தான். வெட்டுப்பட்ட காசும் செல்லும். ஆனால் கொண்டுவந்தவனை யாரோ நம்பவில்லை என்று பார்ப்பவர்களுக்கெல்லாம் தெரிந்துவிடும்.

திம்லே உளியை எடுத்தான்.

"வேணாம்டா மச்சான். புள்ள கழுத்துல போடுறது."

"உங்களுக்கு ஏது அத்தான் இவ்வளவு பொன்னு? மேல முலாம் பூசி எவனாவது உங்க தலையில கட்டியிருப்பான்."

உண்மையில் அவை போலியாக இருக்க வேண்டும் என்றே அவன் ஆசைப்பட்டான். பாகிவா ஓடிப்போனவன், கையாலாகாதவன் என்று பன்னிரண்டு வருஷமாக ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தானே.

முதல் காசு. உள்ளேயும் பொன். இரண்டாவதும் பொன். அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். வீம்பு விடவில்லை. ஐந்தையும் வெட்டி முடித்தபோது திம்லேக்குத் தலை நிமிரவில்லை. பாகிவா காசுகளைப் பொறுக்கி முடிந்துகொண்டு போய்விட்டான்.

மறுநாள் கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் அம்மா குமிலி காசுமாலையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்ன இது, அஞ்சுலயும் வெட்டு? யாரு வெட்டுனது?"

அத்தாலா அப்பாவைப் பார்த்தாள். பிறகு மாமாவைப் பார்த்தாள். நான்தான் என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு வார்த்தை. திம்லே குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தான்.

"நான்தாம்மா," என்றான் பாகிவா. "படையில கொடுத்த அன்னிக்கே வெட்டிப் பாத்துட்டேன். நம்ம மூஞ்சிக்கு நெசப் பொன்னு எவன் கொடுப்பான்னு ஒரு சந்தேகம்."

"நல்ல ஆளுய்யா நீரு! காசுப் பரிசோதகரு மச்சானா இருக்கையில, அவருகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா இப்படி நாசம் பண்ணியிருப்பீரா?" என்றாள் குமிலி.

பந்தலே சிரித்தது. பாகிவாவும் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தான்.

திம்லேயும் சிரித்தான்.