தொட்டிச் சத்தமும் ஸ்கேன் சத்தமும்

முத்துச்செல்வி அக்கா, நான் இசக்கிதுரை. ஆறு தடவை கூப்பிட்டுவிட்டேன், நீ எடுக்கவில்லை. அவசரத்தில் போனில் பேசியே டைப் செய்கிறேன். சொல் மாறி விழுந்திருந்தால் சரிசெய்து படித்துக்கொள். நேற்று நான் ஸ்கேனுக்குப் போகாதே என்று சொன்னது தப்பு. உடனே கிளம்பு.

ஏன் அப்படிச் சொன்னேன் தெரியுமா? ஒரகடத்தில் எங்கள் கம்பெனியில் வண்டிப் பாகங்களை எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவ ஒரு தொட்டி இருக்கிறது. நேற்றுத்தான் என்னை அந்த வேலையில் போட்டார்கள். தொட்டியை ஓட்டுகிற டில்லிபாபு அண்ணன் சுவிட்சைப் போட்டதும் ‘ஸ்ஸ்’ என்று ஓர் இரைச்சல். தெளிந்த தண்ணீருக்குள் குமிழிகள் வெள்ளை வெள்ளையாக நூல் பிடித்தன. வேர் மாதிரி கிளைவிட்டு, ஒரு முடிச்சில் போய்ச் சேர்ந்து, அங்கேயே நின்று துடித்தன. உலைக் குமிழி மேலே வரும் அல்லவா, இது வரவே இல்லை. தொட்டி சரியாக ஓடுகிறதா என்று பார்க்க, பரோட்டா மடிக்கிற வெள்ளித் தாளை உள்ளே பிடித்தார். ஒரு நிமிடத்தில் எடுத்தால், குமிழி கூடிநின்ற இடமெல்லாம் பொத்தல். வெளிச்சத்தில் பார்த்தேன். அதே வேர்க் கோலம்.

“என்னண்ணே இது?” என்றேன்.

“சவுண்டுப்பா. காதுக்குக் கேக்காத சவுண்டு. ஆஸ்பத்திரில வயித்துப் புள்ளைக்கு ஸ்கேன் எடுக்கறாங்கள்ல, அல்ட்ராசவுண்டு, அதான் இது.”

எனக்கு உன் வயிறுதான் கண்ணில் வந்தது. ஷிஃப்ட் முடிந்ததும் உன்னைக் கூப்பிட்டேன்.

“டாக்டரம்மா நாளைக்குக் கண்டிப்பா வரச் சொல்லிருக்காவலே. பனிக்குடத்துல தண்ணி கொறையுதாம்” என்று நீ சொன்னாய். நான் கேட்கவில்லை. தாளில் பொத்தல் விழுந்ததைச் சொல்லி அத்தானையும் பயமுறுத்தினேன். மெஷின் கம்பெனியில் இருக்கிறவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவரும் நம்பிவிட்டார்.

இப்போது டீ நேரத்தில் ஷாரோன் அக்காவிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். சேரப்பணஞ்சேரிக்காரர், கழுவின பாகங்களைச் சோதிக்கிறவர். சிரித்துவிட்டார்.

“நானு அஞ்சு தபா ஸ்கேன் எட்துகினேன். எம் பொண்ணு இன்னா சல்லடையாவா பொறந்துச்சு? டார்ச்சும் வெளிச்சந்தான், வெல்டிங்கும் வெளிச்சந்தான். ரெண்டும் ஒண்ணாடா? ஆமா, உங்க அக்காவுக்கு எதுக்கு ஸ்கேன்?”

“தண்ணி கொறையுதாம்க்கா.”

சிரிப்பு நின்றது. “மாசம் எத்தினி?”

“எட்டு.”

“போன எடு. எனக்கும் அப்டித்தான் கொறஞ்சிச்சு. ஸ்கேன்ல பாத்துட்டு அன்னிக்கே ஆபரேஷன் பண்ணி எட்தாங்க. ஒரு நாள் வுட்டிருந்தா இன்னா ஆயிருக்குமோ.”

அப்போதுதான் உறைத்தது அக்கா. நேற்று அவ்வளவு நேரம் பேசினேன், பிள்ளை அசைகிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மணி பத்தே முக்கால். அங்கே ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு வரைதான் டோக்கன் கொடுப்பார்கள். போனை லாக்கரில் வைக்கச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், இனி மூன்றரைக்குத்தான் எடுக்க முடியும். அத்தானுக்கும் இதையே அனுப்புகிறேன். என்னைத் திட்டுவதாக இருந்தால் வண்டியில் போகும்போது திட்டட்டும்.

அசைகிறதா அக்கா? கையை வைத்துப் பார். பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிடாதே. கிளம்பு.